“பெல்ட்டைப் போட்டாதான் சார் படகு நகரும்!” - பிச்சாவரத்தில் ஒரு குடும்பம் கற்ற பாடங்கள்

“ஆறு வயசுப் பையனுக்கு எதுக்குங்க ஜாக்கெட்? வெயில்ல புழுங்கிடுவான். மடியிலதானே உட்காரப் போறான்!”

பொங்கல் விடுமுறை. பிச்சாவரம் படகுத் துறையில் மதியம் இரண்டரை மணி. துடுப்புப் படகு கிளம்பும் முன்பே இப்படி ஒரு சின்ன வாக்குவாதம். பேசியவர் பையனின் அப்பா. படகோட்டி குரலை உயர்த்தவில்லை. துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“பெல்ட்டைப் போட்டாதான் சார் படகு நகரும்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வேறு வழியில்லாமல் அப்பா குனிந்து பையனுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டினார். மார்புக்கு ஒரு பெல்ட், இடுப்புக்கு ஒன்று, கால்களுக்கு நடுவே ஒன்று. மூன்றாவதை அவர் விட்டுவிடப் பார்த்தார். படகோட்டியே எட்டி அதையும் பூட்டி, பையனைத் தோள்பட்டைப் பக்கம் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் மேலே ஏறவில்லை. “இப்ப சரி” என்று துடுப்பைக் கையில் எடுத்தார்.

அடுத்த முக்கால் மணி நேரத்துக்குள், அந்த மூன்றாவது பெல்ட்டின் அருமை எட்டுப் பேர் கொண்ட அந்தக் குடும்பத்துக்கே புரிந்துவிட்டது.

கிளம்பியதே தாமதம்

கும்பகோணத்துக் குடும்பம் அது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அத்தை, மாமா, பன்னிரண்டு வயது அக்கா, ஆறு வயதுப் பையன். பையனுக்கு அவர்கள் என்ன முறையோ, அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாம்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். காலை ஆறு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, காட்டுமன்னார்கோவில் வழியாகச் சிதம்பரம். அங்கிருந்து கிள்ளை வழியாக பிச்சாவரம். வெயில் ஏறுவதற்குள் படகில் சுற்றிவிட்டு, மதியம் சிதம்பரத்தில் சாப்பாடு.

நடந்தது வேறு. இட்லி ஆறட்டும் என்று அரை மணி நேரம். பாட்டியின் மாத்திரை டப்பாவைத் தேடி ஒரு கால் மணி. வேன் தெருமுனையைத் தாண்டும்போதே மணி எட்டரை. சிதம்பரம் வந்ததும், “நடை சாத்துறதுக்குள்ள நடராஜரைப் பார்த்துட்டுப் போயிடலாம்” என்றார் பாட்டி. அந்தக் கோயில் வாசலில் வந்து நின்று யாரால் மறுக்க முடியும்? தரிசனம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, பிச்சாவரம் சேர்ந்தபோது ஒன்றரை. டிக்கெட் வரிசையில் ஒரு மணி நேரம்.

கோயிலுக்குப் போனதில் தவறில்லை. படகுப் பயணத்தைக் கடைசியில் தள்ளியதுதான் தவறு. பிச்சாவரத்தின் கால்வாய்களில் கடலின் ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அந்த நேரமும் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடுதலாக இருக்கும். கால்வாய் முகத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே படகோட்டிகள் நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

“காலையில வந்திருந்தா உள்ளுக்குள்ள நல்லா போயிருக்கலாம் சார். இப்போ தண்ணி வத்திக்கிட்டிருக்கு” என்றார் படகோட்டி. அந்தப் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தண்ணீருக்குள் ஒரு காடு

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே இருக்கிறது பிச்சாவரம். அந்தக் குடும்பம் காலையில் அணைக்கரைப் பாலத்தில் கடந்த அதே கொள்ளிடம்தான், இந்தக் காட்டுக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் சேற்று நிலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடக்கிறது அலையாத்திக் காடு. காட்டுக்குள் நூலிழைகளைப் போல எண்ணற்ற கால்வாய்கள். மோட்டார் படகுகள் அகலமான நீர்வழியில் போகும். குறுகிய கால்வாய்களுக்குள் நுழையத் துடுப்புப் படகுதான் வசதி.

சுரபுன்னை மரங்களின் வேர்கள் வில்லாக வளைந்து தண்ணீரில் ஊன்றி நிற்கும். அதன் விதைகள் மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். கண்டல் மரத்தடியிலோ, சேற்றைக் கிழித்துக்கொண்டு பென்சில் முனைகள் போல ஆயிரம் வேர்கள் மேல்நோக்கி எட்டிப் பார்க்கும். சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் மூச்சு விடத்தான் வேர் மேலே வருகிறது.

இந்தக் காடும் ஒரு காலத்தில் நலிந்துதான் போயிருந்தது. முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் நிலம் பள்ளமாகி, தேங்கிய நீரில் உப்பு மிகுந்து, புதுச் செடி முளைக்க வழியில்லாமல் போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, 1990களில் மீன் முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, கடல் நீர் வந்து போக வழி செய்தார்கள். காடு மீண்டும் தழைத்தது. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் அலையின் வேகம் தணிந்தே வந்தது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் பிச்சாவரம் இடம்பிடித்தது.

தாத்தாவுக்கு இதையெல்லாம்விட எம்.ஜி.ஆர். நடித்த ‘இதயக்கனி’ படத்தை இங்கே எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். 1975-ல் வந்த படம். “அந்தப் படத்துல பார்த்ததுலேர்ந்து ஒரு தடவையாவது வரணும்னு நெனச்சேன். ஐம்பது வருஷம் ஆயிடுச்சு” என்று வேனில் வரும்போதே நான்கு தடவை சொல்லிவிட்டார்.

ஏறும்போதே ஆட்டம்

முதல் சிக்கல் டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே வந்தது. “எட்டுப் பேரும் ஒரே படகுல போயிடுறோமே? சின்னவன் கணக்குலயே வரமாட்டான்” என்றார் மாமா. முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முணுமுணுப்போடு இரண்டு படகானது. முன் படகில் தாத்தா, பாட்டி, அத்தை, அக்கா. பின் படகில் அப்பா, அம்மா, மாமா, பையன்.

எண்ணிக்கையில் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கசப்பான உதாரணங்கள் இருக்கின்றன. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7-ம் தேதி கேரளாவின் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். படகுக்குக் குழந்தை, பெரியவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. எடை ஏற ஏற, படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையிலான உயரம் குறையும். அவ்வளவுதான் கணக்கு.

இரண்டாவது சிக்கல், ஏறும்போது. அத்தை ஒரு கையில் பையும் மறு கையில் குடையுமாக, படகின் விளிம்பில் காலை வைத்தார். படகு சட்டென்று அவர் பக்கம் சாய்ந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பாட்டி “நடராஜா!” என்று கத்திவிட்டார். அக்கா அத்தையின் கையைப் பிடித்து இழுக்க, ஒரு செருப்பு தண்ணீருக்குள் போனது. நல்லவேளை, செருப்போடு போயிற்று.

“பையை முதல்ல குடுத்துடுங்கம்மா. நடுவுல காலை வைங்க. வெச்ச உடனே உட்காருங்க. ஒருத்தர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தவங்க” என்றார் முன் படகின் படகோட்டி. இந்த நான்கு வாக்கியத்தைக் கரையிலேயே கேட்டிருந்தால் செருப்பு மிஞ்சியிருக்கும். அவர் கரையிலேயே சொன்னார் என்பதும் உண்மை. அப்போது அத்தை தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அகலமான நீர்ப்பரப்புக்கு வந்ததும், வெயிலுக்குப் பயந்து அத்தை குடையை விரித்தார். கடல் காற்று அதில் மோதியதும் படகு திசை திரும்பத் தொடங்கியது. “அம்மா, அது பாய் மாதிரி இழுக்குது. மடக்கிடுங்க” என்றார் படகோட்டி. அதன் பிறகு தாத்தாவின் துண்டுதான் அத்தையின் தலைக்கு. தொப்பியோ துண்டோ எடுத்து வந்திருந்தால் போதும். துடுப்புப் படகில் குடை தொல்லைதான்.

ஒரு போன், ஒரு நொடி

குறுகிய கால்வாய்க்குள் படகுகள் நுழைந்தன. வெயில் மறைந்தது. இரண்டு பக்கமும் வேர்கள், தலைக்கு மேல் கிளைகள் கோத்த பச்சைப் பந்தல். துடுப்புச் சத்தம் மட்டும். ஒரு மீன்கொத்தி நீலமாகக் குறுக்கே பறந்தது. தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடி சிலர் கைகளால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். “இருளர் ஜனங்க தம்பி. கையாலயே தடவி இறால் பிடிப்பாங்க” என்று படகோட்டி சொல்ல, பையன் வாயைப் பிளந்து பார்த்தான்.

இப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றும். மாமாவுக்கும் தோன்றியது. எல்லோரும் படத்துக்குள் வர வேண்டும் என்று எழுந்து நின்றார்.

“சார், உட்காருங்க” என்றார் படகோட்டி.

“ஒரே நிமிஷம்பா.”

அந்த ஒரு நிமிடம் வருவதற்குள் தாழ்வான ஒரு கிளை வந்துவிட்டது. அது கையில் உரசியதும் மாமா தடுமாறினார். போன் நழுவி இடது பக்கம் விழுந்தது. அதைப் பிடிக்க மாமா இடது பக்கம் பாய்ந்தார். பக்கத்தில் இருந்த அப்பாவும் யோசிக்காமல் அதே பக்கம் கையை நீட்டினார். இடது விளிம்பில் சாய்ந்து, விரலால் தண்ணீரில் கோடு போட்டுக்கொண்டிருந்த பையன், சத்தமே இல்லாமல் உள்ளே போனான்.

சினிமாவில் வருவதுபோல ‘தொபீர்’ என்றெல்லாம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் கனவில் வருவது அந்தக் காலி இடம்தான்.

அப்பா எழுந்து குதிக்கப் போனார். “குதிக்காதீங்க! எல்லாரும் அப்படியே உட்காருங்க!” படகோட்டியின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. சொல்லும்போதே அவர் உடம்பை வலது பக்கம் சாய்த்துப் படகைச் சமன் செய்துவிட்டார். அப்பாவுக்கு நீச்சல் அரைகுறை. அவர் குதித்திருந்தால் அந்த உதைப்பில் படகே கவிழ்ந்திருக்கலாம். பையன் படகுக்கு அடியில் போயிருக்கலாம்.

இரண்டு நொடியோ மூன்று நொடியோ. ஆரஞ்சு நிற ஜாக்கெட் மேலே வந்தது. அதோடு பையனின் தலையும் வந்தது. இருமல், அழுகை, மறுபடி இருமல். ஜாக்கெட் அவன் முகத்தை மறைக்கவில்லை, தலைக்கு மேலே கழன்று வரவும் இல்லை. கால்களுக்கு நடுவே பூட்டிய அந்த மூன்றாவது பெல்ட் அதை இறுக்கிப் பிடித்திருந்தது.

படகோட்டி துடுப்பை ஒரு தள்ளு தள்ளிப் படகின் பின்முனையைப் பையன் பக்கம் கொண்டுவந்தார். குப்புறப் படுத்தபடி, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து, பின்முனை வழியாகவே அவனை உள்ளே தூக்கினார். பக்கவாட்டில் இழுத்தால் அந்த எடைக்குப் படகு மறுபடி சாயும்.

அந்த இடத்தில் தண்ணீரின் ஆழம் பெரியவர்களுக்கு நெஞ்சளவு. “ஆழமே இல்லை” என்று கரையில் எல்லோரும் சொல்லிக்கொண்ட அதே ஆழம். ஆறு வயதுப் பையனுக்கு அது தலைக்கு மேல். அடியிலோ காலை ஊன்ற முடியாத சேறு.

அம்மா பையனை மடியில் இறுக்கிக்கொண்டார். யாரையும் எதுவும் சொல்லவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பையன்தான் முதலில் பேசினான்: “மாமா, உங்க போன்ல மீன் பேசுமா?”

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

தரை தட்டிய படகு

இரண்டு படகுகளும் உடனே திரும்பின. ஆனால் நாற்பது நிமிடங்களுக்கு முன் தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது சேற்று மேடு தெரிந்தது. ஒரு வளைவில் பின் படகின் அடிப்பாகம் ‘சர்ர்’ என்று உரசி நின்றுவிட்டது.

செய்த தவறுக்கு எப்படியாவது ஈடுசெய்ய வேண்டும் என்று மாமாவுக்கு. படகோட்டி தடுப்பதற்குள் இறங்கித் தள்ளப் போனார். கால் முழங்கால்வரை சேற்றுக்குள் இறங்கியது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. பக்கத்து வேரைப் பிடித்து மறு காலை அதில் ஊன்றினார். வேரெல்லாம் கத்தி போலக் கிளிஞ்சல்கள் ஒட்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. உள்ளங்கால் கிழிந்து ரத்தம் வந்தது.

“சேத்துல மாட்டினா நேரா மேல இழுக்கக் கூடாது சார். படகுமேல நெஞ்சைச் சாய்ச்சுக்குங்க. காலை மெதுவா ஆட்டி ஆட்டி, சேத்துக்குள்ள தண்ணி இறங்க விடுங்க. தானா விடும்.” படகோட்டி சொன்னபடி செய்ததும் கால் வந்தது. செருப்பு வரவில்லை. அந்தக் குடும்பத்தின் இரண்டாவது செருப்பு.

பிறகு நடந்ததெல்லாம் பதற்றமில்லாத வேலை. மூவரையும் படகின் பின்பக்கம் உட்காரச் சொன்னார் படகோட்டி. முன்பக்கம் லேசாகத் தூக்கியது. முன் படகிலிருந்து கயிறு வந்தது. அவர்கள் இழுக்க, இவர் கோலை ஊன்றித் தள்ள, கொஞ்சம் கொஞ்சமாகப் படகு நகர்ந்தது. இருபது நிமிடம் பிடித்தது. “இன்னும் அரை மணி விட்டிருந்தோம்னா, தண்ணி திரும்ப ஏறுற வரைக்கும் இங்கேயேதான்” என்றார்.

அந்த இருபது நிமிடத்தில்தான் அவர்கள் பிச்சாவரத்தைப் பார்த்தார்கள். போன் இல்லை, பேச்சு இல்லை. வற்றிய சேற்றில் குட்டி மீன்கள் தத்தித் தாவின. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்த நண்டுகள் வளை வாசலில் நின்று அந்தக் கொடுக்கை ஆட்டின. ஒரு கொக்கு இவர்களைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்த்தது.

பாட்டியின் பக்கத்தில், கரை ஓரமாக ஒரு மரம். இலைகளில் சில பழுத்துச் சிவந்திருந்தன. “அது என்ன மரம்பா?” என்று கேட்டார்.

“தில்லை மரம்மா.”

பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். தில்லை என்பது சிதம்பரத்துக்கே பெயர். அந்தக் கோயிலின் தல மரம். கல்யாணமான வருஷத்திலிருந்து தில்லை நடராஜரைக் கும்பிட்டு வருகிறவர், தில்லை மரத்தை நேரில் பார்த்தது அன்றுதான். சிதம்பரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் காடாக இருந்த மரம், இன்று இந்தச் சேற்று நிலத்தில்தான் செழித்து நிற்கிறது.

பூஜையறைக்கு ஓர் இலை வேண்டும் என்று கையை நீட்டினார். “தொடாதீங்கம்மா! அதோட பால் தோல்ல பட்டா புண்ணாகும். கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து” என்று தடுத்தார் படகோட்டி. பாட்டி கையை இழுத்துக்கொண்டார். பிறகு அதே கைகளைக் கூப்பி மரத்தைக் கும்பிட்டார்.

கரையேறிய பிறகு

துறையில் இறங்கியதும் மாமாவின் காலை நல்ல தண்ணீரில் கழுவிக் கட்டு போட்டார்கள். சேற்றில் கிழிந்த காயம் என்பதால் சிதம்பரத்தில் டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள். பையனையும் அங்கேயே பரிசோதித்தார்கள். தண்ணீர் விழுங்கிய குழந்தைக்கு அடுத்த சில மணி நேரத்தில் விடாத இருமல், மூச்சுத் திணறல், சோர்வு என்று எது தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிரவு அம்மா தூங்கவில்லை. பையன் நன்றாகத் தூங்கினான்.

அப்பாவும் அன்று வெகுநேரம் விழித்திருந்தார். 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த செய்தியை அவர் அப்போது தொலைக்காட்சியில் பார்த்தவர்தான். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாக அன்று பேசப்பட்டதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. ‘இப்படியா செய்வார்கள்?’ என்று அன்று நினைத்திருந்தார். இன்று ஒரு போனுக்காக அவரே அதைத்தான் செய்திருந்தார்.

நீங்கள் படகில் போகும் முன்...

* படகுப் பயணத்தைக் காலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலோர நீர்நிலை என்றால், தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று படகுத் துறையில் கேட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் வானிலை அறிவிப்பையும் பாருங்கள்.

* ஒரு படகில் எத்தனை பேர் என்று சொல்கிறார்களோ, அத்தனை பேர்தான். குழந்தையும் ஓர் ஆள்.

* லைஃப் ஜாக்கெட் எடைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். எல்லா பெல்ட்டையும் பூட்டுங்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காதுவரை ஏறக் கூடாது. போட்டோவுக்காகக்கூட கழற்ற வேண்டாம்.

* பையை முதலில் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராக, நடுவில் காலை வைத்து ஏறி உடனே உட்காருங்கள். பயணம் முடியும்வரை எழ வேண்டாம்.

* போனைக் கழுத்தில் மாட்டும் நீர்புகா உறையில் வையுங்கள். எது விழுந்தாலும் விழட்டும். அதன் பின்னால் பாய வேண்டாம்.

* யாராவது தண்ணீரில் விழுந்தால் மற்றவர்கள் அசையாமல் உட்காருங்கள். துடுப்பையோ கயிற்றையோ துண்டையோ நீட்டுங்கள். சின்னப் படகில் பின்முனை வழியாக ஏற்றுவதே பாதுகாப்பு.

* அலையாத்திக் காட்டில் மரங்களைத் தொட வேண்டாம், சேற்றில் இறங்க வேண்டாம். தின்பண்ட உறைகளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஒரு நொடியில் பறித்துக்கொள்ளும்.

இவ்வளவும் படித்த பிறகு ‘படகே வேண்டாம்’ என்று தோன்றினால், அந்தக் குடும்பம் அதை ஒப்புக்கொள்ளாது. அடுத்த பொங்கலுக்கும் அவர்கள் பிச்சாவரம் போனார்கள். இந்த முறை முந்தின நாள் இரவே சிதம்பரத்தில் தங்கினார்கள். காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்றார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போன வருஷம் பாதியில் திரும்பிய கால்வாய்க்குள் இந்த வருஷம் வெகுதூரம் போனார்கள். தாத்தா படப்பிடிப்பு நடந்த இடம் எது என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாட்டி தில்லை மரம் வந்ததும், கையை மடியிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டார்.

படகு கிளம்பும் முன் படகோட்டி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஏழு வயதுப் பையன் முந்திக்கொண்டான். மாமாவின் இடுப்பைச் சுட்டிக்காட்டிச் சொன்னான்:

“மாமா... பெல்ட்டைப் போட்டாதான் படகு நகரும்!”